மஸ்தூரா மழையைக் கூப்பிட்ட கதை

எனக்குக் கொடுத்திருக்கிற வேலை அண்ணாந்து பார்ப்பது. சிரிக்க வேண்டாம். அதற்கும் ஒரு பயிற்சி, ஒரு பரீட்சை, முதுகில் பளபளக்கிற பட்டை வைத்த ஒரு சட்டை எல்லாம் உண்டு. மஸ்தூரா ட்ரோனைப் பறக்கவிட்டு அடுக்குமாடிகளின் வெளிச்சுவரைப் படம் பிடிப்பாள். எங்கே விரிசல், எங்கே பூச்சு சுவரை விட்டுப் பிரிந்திருக்கிறது, எங்கே கம்பி துருப்பிடித்து வழிகிறது என்று பார்ப்பதற்கு. அவள் கண் கையிலுள்ள திரையில் இருக்கும். ட்ரோனைக் காகம் கொத்த வருகிறதா, கீழே எந்தப் பெரியவர் செய்தித்தாள் படித்துக்கொண்டே தடுப்புக் கூம்புகளைத் தாண்டி வருகிறார் என்று பார்க்க இன்னொரு ஜோடிக் கண் வேண்டுமல்லவா, அது என்னுடையது. பெயர் சிங்காரம். கழுத்துக்குத் தடவும் தைலம் சொந்தச் செலவு.

மலாய்க்காரர்கள் அக்காவைக் 'காக்கா' என்பார்கள். வேலையிடத்தில் சின்னவர்கள் எல்லோருக்கும் அவள் மஸ் காக்கா. அது நம் காதில் எப்படி விழும் என்று ஒருநாள் அவளிடம் சொன்னேன். கோபப்படுவாள் என்று பார்த்தால், "சரியாத்தானே இருக்கு அண்ணே, நானும் ஜன்னல் ஜன்னலா எட்டிப் பாக்குறவதானே" என்றாள்.

உண்மையில் அவள் எட்டிப் பார்க்கிறவள் அல்ல. ட்ரோன் வருகிறது, திரைச்சீலையை மூடுங்கள், துணிகளை உள்ளே எடுங்கள் என்று வீட்டுக்கு வீடு அறிவிப்பு ஒட்டுகிறோம். யார் படிக்கிறார்கள்? உள்ளாடையோடு நின்று பல் தேய்த்துக்கொண்டே ட்ரோனுக்குக் கையசைக்கிற ஆட்களைப் பார்த்திருக்கிறோம். ட்ரோன் வயிற்றில் ஒட்டியிருக்கும் பதிவு எண்ணை எழுதிக்கொண்டு போய் லாட்டரியில் கட்டுகிறவர்கள் உண்டு. ட்ரோன் பறந்தால் அந்த அடுக்குமாடி புளோக்கை இடிக்கப்போகிறார்கள், எல்லோருக்கும் புது வீடு என்று யார் கிளப்பிவிட்டார்களோ, ஒரு பாட்டி எங்களுக்குக் கறிபஃப் கொண்டுவந்து கொடுத்துவிட்டு "எங்க மாடியை நல்லா அசிங்கமா எடும்மா" என்று கேட்டுக்கொண்டார். மஸ்தூரா கறிபஃப்பைத் தின்றுவிட்டு, சுவர் இருக்கிற மாதிரிதான் எடுத்தாள்.

முன்பு அவள் துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டியவள். உச்சியில் கண்ணாடிக் கூண்டில் குனிந்து உட்கார்ந்து, காலடியில் கப்பலைப் பார்த்தபடி, இரும்புப் பெட்டிகளை இறக்குகிற வேலை. கூண்டை விட்டுக் கழிப்பறைக்கு இறங்கி ஏறுவது பெரும்பாடு என்பதால் காலையில் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டாள். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. குனிந்து குனிந்து முதுகு போனது. மருத்துவர் இனிமேல் கூண்டு வேண்டாம் என்றார். வீட்டில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் சும்மா இருந்தால்தானே. சமையலறை அலமாரிக் கதவு அரை விரல் சாய்ந்திருக்கிறது என்று கழற்றினாள், குழாயைக் கழற்றினாள், நன்றாக ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியைக் கழற்றினாள். கணவன் ஜுஃப்ரி பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் மீ சோத்தோ என்கிற நூடுல் சூப் விற்கிற சாதுவான மனிதன். "தாயே, எங்கயாவது வேலைக்குப் போ, உனக்குப் புண்ணியமாப் போகும்" என்று அவனே போய் ட்ரோன் வகுப்பில் அவள் பெயரைப் பதிந்துவிட்டு வந்தான். பெட்டியை இறக்கிய அதே விரல்கள்தான். மூன்றாம் நாளே சொல்லிக்கொடுத்த பையனைவிட நன்றாக ஓட்டியதாக அவள் சொல்கிறாள். அவள் சொல்வதில் பாதியை நம்பலாம்.

அவளுக்கு ஒரு வியாதி உண்டு. சந்தேகம் என்று ஒன்று வந்துவிட்டால் அதை விட்டுவிட்டு அந்தப் பக்கம் போகமாட்டாள். வெயில் மண்டையைப் பிளக்கும், சாப்பாட்டு நேரம் தாண்டும், நான் முனகுவேன். "இன்னும் ஒரு தடவை அண்ணே" என்பாள். அந்த ஒரு தடவை எத்தனை தடவை என்று எண்ணுவதை நான் எப்போதோ நிறுத்திவிட்டேன்.

இப்போது கதைக்கு வருகிறேன். அவள் ஒரே மகள் சஃபிராவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. இங்கே மலாய்க் கல்யாணம் என்றால் பாதி ஊருக்குச் சாப்பாடு. மண்டபம் எடுக்கலாம் என்றாள் மாப்பிள்ளையின் அம்மா, ஹஜ் போய்வந்த ஹாஜா சல்பியா. சஃபிராதான் பிடிவாதமாக, பிறந்து வளர்ந்த புளோக்கின், வீடுகள் இல்லாமல் திறந்து கிடக்கும் கீழ்த்தளத்தில்தான் வேண்டும் என்றாள். சைக்கிள் பழகின இடம், முழங்காலைச் சிராய்த்துக்கொண்ட இடம், அங்கேதான் மணமேடை என்று ஒற்றைக்காலில் நின்றாள். போன வருஷமே இடத்தைப் பதிவு செய்தாயிற்று. ஹாஜா சல்பியா இறங்கிவந்தாள். ஆனால் பெருமூச்சு விட்டுக்கொண்டேதான் இறங்கிவந்தாள்.

கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை. அந்த வாரம் பார்த்து அதே புளோக்குக்கு வெளிச்சுவர் ஆய்வு வந்தது. வேறு குழுவுக்குத்தான் ஒதுக்கியிருந்தார்கள். மஸ்தூரா எங்கள் பொறியாளர் இயோவிடம் போய்க் கெஞ்சி அதைத் தன் பக்கம் மாற்றிக்கொண்டாள். ஏன் என்று கேட்டேன்.

"வேற ஆளு வந்தா எதையாவது கண்டுபிடிச்சுத் தொலைப்பான் அண்ணே. நானே போய் மடமடன்னு முடிச்சுட்டா கல்யாணத்துக்குத் தொந்தரவில்ல."

வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வது என்பது இதுதான். மற்றவன் எவனாவது வந்திருந்தால் பாதியைப் பார்த்துவிட்டுப் பசிக்கிறது என்று போயிருப்பான். எதையும் விடாத ஒரே ஆள் இவள்தான், அது இவளுக்குத்தான் தெரியவில்லை.

வியாழக்கிழமை காலை ஆரம்பித்தோம். பின்பக்கம், சமையலறை ஜன்னல்கள் இருக்கிற பக்கம். அங்கேதான் சமையல் கூடாரத்துக்குக் கம்பங்கள் வந்து கிடந்தன. மாப்பிள்ளை கொம்பாங் கொட்டு முழங்க வந்து, பெண் வீட்டார் வழிமறித்து வம்பு பேசி உள்ளே விடுகிற வழியும் அதுதான். ஜுஃப்ரி புல்தரையில் குந்தி, ஈர்க்குச்சியில் காய்ந்த மிளகாயும் சின்ன வெங்காயமும் கோத்து மண்ணில் நட்டுக்கொண்டிருந்தான். அப்படி நட்டால் கல்யாணத்தில் மழை பெய்யாதாம். எதிர் புளோக்கின் கீழ்த்தளத்தில் ஒரு சீனர் வீட்டுச் சாவு. வெள்ளைத் துணி கட்டி, சவப்பெட்டி வைத்து, ஊதுவத்தி மணந்துகொண்டிருந்தது. ஒரு பக்கம் கல்யாணம், ஒரு பக்கம் சாவு, நடுவில் கார் நிறுத்துமிடம். எங்கள் ஊர் இப்படித்தான்.

அதிசயமாக எல்லா வீட்டிலும் துணியை உள்ளே எடுத்திருந்தார்கள், ஒரு வீட்டைத் தவிர. ஒன்பதாம் மாடி. சீனப் பாட்டி ஆன்டி கோவின் வீடு. ஜன்னலுக்கு வெளியே நீட்டிய மூங்கில் கழியில் ரோஜாப்பூ போட்ட ஒரு கனத்த போர்வை தொங்கிக்கொண்டிருந்தது.

ஆன்டி கோவுக்கு எழுபது தாண்டிவிட்டது. தனியாக இருக்கிறார். மஸ்தூரா வீடு அவருக்கு நேர் கீழே, எட்டாம் மாடி. பிழியாமல் துணி காயப்போடுவது ஆன்டியின் பழக்கம். அந்தத் தண்ணீர் மஸ்தூராவின் காய்ந்த துணிமேல் சொட்டுவது அதன் பலன். இருபத்தைந்து வருஷமாக இந்த ஒரே விஷயத்துக்காக இருவரும் ஜன்னல் வழியே கத்திக்கொள்கிறார்கள். அலுப்பே தட்டியதில்லை.

ட்ரோன் ஒன்பதாம் மாடிக்கு வந்தபோது காற்று ஒரு வீச்சு வீசியது. போர்வை மேலே எழும்பி மறுபடி விழுந்தது. அவ்வளவுதான். மஸ்தூரா பேச்சை நிறுத்திவிட்டாள். வேலை நேரத்தில் அவள் வாய் மூடினால் என் சாப்பாடு தள்ளிப்போகும் என்று அர்த்தம்.

"என்னம்மா?"

"அண்ணே, இங்க வாங்க. பாருங்க." திரையில் அந்தக் கணத்தை நிறுத்தியிருந்தாள். மங்கலாகத்தான் இருந்தது. போர்வை ஓரத்துக்குப் பின்னால் சுவரில் ஒரு விரிசல், அதிலிருந்து துருக்கறை வழிந்திருந்தது, அதைச் சுற்றிப் பூச்சு லேசாக வயிறு தள்ளினாற்போல.

இருவரும் ஒரே நேரத்தில் கீழே பார்த்தோம். நேர் கீழே கூடாரக் கம்பம், அதன் பக்கத்தில் மாப்பிள்ளை வரும் வழி, அங்கே மிளகாய்க் குச்சியோடு ஜுஃப்ரி.

அவனைத்தான் முதலில் அங்கிருந்து விரட்டினாள். எதற்கு என்று கேட்டான். சொன்னாள். அவன் முகம் செத்துவிட்டது.

"மஸ், நல்லாப் பாத்தியா? நிழலா இருக்கும்."

"நிழல் வயிறு தள்ளாது."

"போர்வை மறைச்சிருக்குல்ல? மறைச்சிருந்தா பாக்க முடியலன்னு போட்டுட்டுப் போகலாம்னு நீதானே சொல்லுவ?"

உண்மைதான். துணி மறைத்திருந்தால் 'தெரியவில்லை, மறுபடி வரவேண்டும்' என்று குறித்துவிட்டு அடுத்த மாடிக்குப் போகலாம். அதில் ஒரு தப்பும் இல்லை, யாரும் கேட்கமாட்டார்கள்.

மஸ்தூரா எல்லோருக்கும் கேட்கும்படி இயோவுக்குப் போன் போட்டாள். அவன் நல்ல பையன், ஆனால் படம் இல்லாமல் தன் பெண்டாட்டியைக்கூட அடையாளம் சொல்லமாட்டான். "காத்துல போர்வை ஆடினப்போ பாத்தேன்னு அறிக்கையில எப்படி மேடம் எழுதறது? தெளிவா ஒரு படம், வெப்பப் படம் ஒண்ணு அனுப்புங்க, இப்பவே கீழ அடைச்சுடறேன். இல்லன்னா மறைவுன்னு போட்டுட்டு அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்றான்.

அடுத்த வாரம். ஞாயிறு தாண்டி. கல்யாணம் முடிந்து, கூடாரம் பிரித்து, எல்லோரும் ஏப்பம் விட்ட பிறகு. கடவுளே தட்டில் வைத்து நீட்டினாற்போல இருந்தது. ஜுஃப்ரி இரண்டு கையையும் விரித்து, "பாரு, அவரே சொல்லிட்டாரு!" என்றான். நான் கூம்பு ஒன்றை நேராக்கப் போனேன். பேசினால் அவன் பக்கம்தான் பேசியிருப்பேன்.

அவள் ட்ரோனை இறக்கி வைத்தாள். "வாங்க அண்ணே, மேல போவோம்."

ஆன்டி கோ இரும்புக் கதவைத் திறக்காமல் கம்பிவழியாகவே பேசினார். உள்ளே தொலைக்காட்சியில் யாரோ அழுதுகொண்டிருந்தார்கள்.

"ஆன்டி, அந்தப் போர்வையை உள்ள எடுங்க."

"காயல."

"மூணு நாளா தொங்குது. பாலைவனத்துல போட்டிருந்தா ஒட்டகமே போத்திட்டுப் போயிருக்கும்."

"இருபத்தஞ்சு வருஷமா என் துணிமேலதான் உனக்குக் கண்ணு. இவ்வளவு நாள் கீழேருந்து கத்துன. இப்ப பறக்குற மெஷினையும் இந்த அங்கிளையும் கூட்டிட்டு வந்துட்டியா சண்டைக்கு?"

"நான் சும்மா வந்தேன் ஆன்டி" என்றேன். யாரும் கண்டுகொள்ளவில்லை.

மஸ்தூரா சுவரைப் பற்றிச் சொன்னாள். ஆன்டி போய்த் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு வந்தார். இப்போது கதவையும் திறந்தார்.

"எங்க?"

"உங்க ஜன்னலுக்குக் கீழ. போர்வைக்குப் பின்னாடி."

"நீ படம் எடுத்தா என்ன பண்ணுவாங்க?"

"பின்பக்கம் முழுசா அடைச்சுடுவாங்க. கீழ்த்தளமும் சேத்துத்தான்."

"ஞாயித்துக்கிழமை சஃபிராவுக்குக் கல்யாணம்."

"தெரியும் ஆன்டி. நான்தான் பெத்தவ."

ஆன்டி அவளை மேலும் கீழும் பார்த்தார். "உனக்கு மண்டையில எதாவது அடிபட்டுச்சா? அந்தப் பொண்ணை ஆஸ்பத்திரியிலேருந்து தூக்கிட்டு வந்தப்போ லிஃப்ட்டுல நான்தான் கூட வந்தேன். இத்தனூண்டு இருந்துச்சு, மூஞ்சியெல்லாம் மூக்கு. பிரெஞ்சுக்காரி மாதிரி கவுன் தைக்கக் குடுத்திருக்கேன் நான், அதோட கல்யாணத்துக்குப் போட! இத்தனை வருஷம் விழாத சுவரு மூணு நாள்ல விழுந்துடுமா?"

"விழுமா விழாதான்னு தெரியல ஆன்டி."

"தெரியலன்னா சும்மா இரு. போர்வை காயல. திங்கட்கிழமை வரைக்கும் காயாது. போ."

கதவு படார் என்று சாத்தப்பட்டது. மஸ்தூரா அழுதுவிடுவாள் என்று நினைத்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "பாத்தீங்களா அண்ணே! இருபத்தஞ்சு வருஷத்துல எனக்கு ஒரு நல்லது செய்யணும்னு இந்தக் கிழவிக்குத் தோணியிருக்கு. இன்னைக்குத்தானா தோணணும்?"

லிஃப்ட்டில் இறங்கும்போது சிரிப்பு நின்றுவிட்டது. சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். விட்டுவிடுவாள் என்றே நினைத்தேன். விடமாட்டாளா என்று வேண்டிக்கொண்டேன் என்பதுதான் சரி. எனக்கும் அந்தக் கல்யாணத்துக்குப் புதுச்சட்டை எடுத்தாயிற்று.

கீழே வந்ததும் ட்ரோனை மறுபடி ஏற்றினாள். ஒன்பதாம் மாடிக்கு எதிரே, சுவரை விட்டுத் தள்ளி, அசையாமல் நிறுத்தினாள். "அண்ணே, உங்க ஒலிபெருக்கியை என் வாய்க்கு நேராப் பிடிங்க." ஆட்களை விரட்ட நான் வைத்திருக்கும் கருவி அது. பிடித்தேன். துறைமுகத்தில் கற்ற ஹொக்கியன் மொழியில், தொண்டை கிழியக் கத்தினாள்.

"லோ ஹோ லியாவ்! மழை வந்துடுச்சு! துணியை எடுங்க!"

வானத்தில் பேருக்கு ஒரு மேகம் இல்லை. தார் உருகுகிற வெயில். ஆனால் எங்கள் ஊரில் நெருப்பு என்று கத்தினால் என்னவென்று எட்டிப் பார்ப்பார்கள், மழை என்று கத்தினால் யோசிக்கவே மாட்டார்கள், கை தானாக ஓடும். படபடவென்று ஜன்னல்கள் திறந்தன. காலையிலேயே துணியை எடுத்துவிட்டவர்கள்கூட வெறுங்கையை நீட்டித் துழாவினார்கள். எதிர் புளோக்கில் கழிகள் வரிசையாக உள்ளே போயின. சாவு வீட்டில் ஒருவர், இறந்தவருக்காக எரிக்க வைத்திருந்த காகித மாளிகைமேல் பிளாஸ்டிக் விரிப்பைப் போட ஓடினார். ஒன்பதாம் மாடியில் இரண்டு ஒல்லியான கைகள் வெளியே வந்து, கழியை ரோஜாப்பூப் போர்வையோடு ஒரே இழுப்பாக இழுத்துக்கொண்டன.

மஸ்தூரா எடுத்துவிட்டாள். சாதாரணப் படம், வெப்பப் படம், இடமிருந்து, வலமிருந்து, நேராக. அதற்குப் பிறகுதான் ஆன்டியின் தலை வெளியே வந்தது. வானத்தைப் பார்த்தது. ட்ரோனைப் பார்த்தது. புரிந்தது. பிறகு மஸ்தூராவின் ஏழு தலைமுறையையும் அழைத்து அவர் பேசியதை நான் எழுதுவதற்கில்லை.

ஜுஃப்ரி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். "நான் ஒருத்தன் இங்க மிளகாயும் வெங்காயமும் நட்டுட்டு இருக்கேன். பொண்ணைப் பெத்தவ ஒலிபெருக்கி வச்சு மழையைக் கூப்பிடுறா!"

வெப்பப் படத்தில் சாப்பாட்டு மேசை அளவுக்கு ஒரு ஆரஞ்சுத் திட்டு. பூச்சு சுவரை விட்டுப் பிரிந்திருந்தால் அந்த இடம் மட்டும் வெயிலில் கூடுதலாகச் சூடேறும். இயோ சொன்ன சொல் தவறவில்லை. சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே ஆட்கள் வந்து பின்பக்கம் முழுவதையும் கீழ்த்தளத்தோடு சேர்த்து அடைத்தார்கள். கயிற்றில் தொங்கிச் சுவரைத் தட்டிப் பார்க்கும் குழு செவ்வாய்க்கிழமைதான் வரமுடியும் என்றார்கள். வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார் என்பார்கள். வீட்டைப் படம்பிடித்துக் கல்யாணத்தைக் கெடுத்தவளை நான் அன்றுதான் பார்த்தேன்.

சாயங்காலம் என்னையும் வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். "நீங்களும் வாங்க அண்ணே, விழுற அடியைப் பங்கு போட்டுக்கலாம்." சஃபிரா கூடத்தில் நின்றாள். கைநிறைய மருதாணி, அதனால் கண்ணைத் துடைக்கவும் முடியவில்லை. கன்னமெல்லாம் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"ஒண்ணே ஒண்ணு சொல்லு மா. அது விழுமா, விழாதா?"

"தெரியாது."

"தெரியாமயா என் கல்யாணத்தை நிறுத்துன?"

"விழாதுன்னு தெரிஞ்சிருந்தா வாயை மூடிட்டுப் போயிருப்பேன். விழும்னு தெரிஞ்சிருந்தா நீயே அங்க நிக்கமாட்ட. ரெண்டும் தெரியலடி. தெரியாத இடத்துக்குக் கீழ உன்னை நிக்க வைக்க என்னால முடியல."

"எல்லாரும் தெரியாத இடத்துக்குக் கீழதான் நிக்கிறாங்க! ஊரே அப்படித்தான் இருக்கு! உனக்கு மட்டும் என்ன?"

அந்தப் பெண் அறைக்குள் போய் முழங்கையால் கதவைச் சாத்திக்கொண்டாள். அதோடு அம்மாவிடம் பேச்சை நிறுத்திவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை ஆன்டி கோ இறங்கிவந்தார். திட்ட வந்தார் என்றுதான் நினைத்தோம். முதலில் திட்டவும் செய்தார். பிறகு, எதிர் புளோக்கில் பெட்டியில் கிடக்கிற பெரியவர் சிம் தன்னுடைய மஹ்ஜோங் ஆட்டக் கூட்டாளி என்றும், ஞாயிறு காலை எட்டு மணிக்குப் பெட்டியை எடுக்கிறார்கள் என்றும், பிள்ளைகளிடம் பேசிவிட்டதாகவும் சொன்னார். "எடுத்த உடனே கல்யாணத்துக்கு இடத்தைக் கழுவிக் குடுத்துடுவாங்க. நாற்காலியும் விசிறியும் அவங்களோடதே இருக்கட்டும்னு சொல்லிட்டேன். சிம் ஒண்ணும் சொல்லமாட்டான். உயிரோட இருந்தப்பவே சாப்பாட்டு இடம்னா வந்துடுவான்." நகர மன்றத்தில் ஜுஃப்ரி காலில் விழாத குறையாக நின்று அனுமதியை மாற்றிக்கொண்டு வந்தான்.

விஷயம் ஹாஜா சல்பியாவுக்குப் போயிற்று. ஹாஜா நேரிலேயே வந்துவிட்டாள்.

"பொணம் கிடந்த இடத்துல என் மகனை உட்கார வைக்கிறதா?"

"ஹாஜா, இந்த ஊர்ல பொணம் கிடக்காத கீழ்த்தளம் ஒண்ணு காட்டுங்க. அங்கேயே வச்சுக்கலாம்" என்றாள் மஸ்தூரா.

ஹாஜாவின் புளோக்கின் கீழ்த்தளத்தில் போன மாதம்தான் ஒரு சாவு நடந்திருந்தது. பெருமூச்சு விட்டுக்கொண்டு போனாள்.

விழுந்ததா என்று கேட்பீர்கள். எல்லோரும் கேட்கிறார்கள். விழவில்லை. செவ்வாய்க்கிழமை இரண்டு பேர் கயிற்றில் தொங்கித் தட்டியபோது பாதி கையோடு வந்தது, மீதிப் பாதியை உளியால் கொத்தி எடுக்க மத்தியானம் ஆயிற்று. நாளைக்கே விழுந்திருக்கலாம், பத்து வருஷம் நின்றிருக்கவும் செய்யலாம் என்றான் இயோ. பொறியியல் படித்தவனுக்கு இவ்வளவுதான் தெரியுமென்றால் நாம் என்ன செய்ய?

ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்குப் பெரியவர் சிம் போனார். பதினோரு மணிக்கு மாப்பிள்ளை வந்தான். ஊதுவத்தி வாசனை கொஞ்சம் மிச்சமிருந்தது, அதன்மேல் பிரியாணி வாசனை ஏறி உட்கார்ந்துகொண்டது. மழை எட்டிப்பார்க்கவில்லை. ஆன்டி கோ கவுனில் வந்து இரண்டு தட்டு சாப்பிட்டார். கல்யாணம் கல்யாணமாகத்தான் இருந்தது, பெண் அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை என்பதைத் தவிர.

வாழ்த்துகிற சடங்கு ஆரம்பித்தது. பெண்ணும் மாப்பிள்ளையும் மேடையில் உட்கார்ந்து, மடியிலிருக்கும் தலையணைமேல் உள்ளங்கையை விரித்து வைத்திருப்பார்கள். பெரியவர்கள் ஒவ்வொருவராக வந்து, ரம்பை இலைக் கட்டை வாசனைத் தண்ணீரில் தோய்த்து அந்தக் கையில் தெளிக்க வேண்டும். மஸ்தூராவின் முறை வந்தது. இரும்புப் பெட்டியை விரல்நுனியில் இறக்கியவளுக்கு அந்த இலைக்கட்டு கையில் நிற்கவில்லை. பாதித் தண்ணீர் மாப்பிள்ளையின் சட்டையில் விழுந்தது. நான் தண்ணீர்ப் புட்டிகளைத் தூக்கிக்கொண்டு மேடை ஓரத்தில் நின்றதால் பேசியது எனக்குக் கேட்டது.

சஃபிரா குனிந்த தலை நிமிராமல், உதடு அசையாமல் கேட்டாள். "மா. இந்த இடத்துக்கு மேல சுவரைப் பாத்தியா?"

மூன்று நாளில் முதல் பேச்சு. மஸ்தூரா இலைக்கட்டை மறுபடி தண்ணீரில் தோய்த்தாள்.

"பாத்தேன். நேத்து காலைல."

"கீழ சாவு நடக்கறப்பவா?"

"அவங்ககிட்ட கேட்டுட்டுத்தான். பெரியவரோட மூத்த பையனே கூம்பு வச்சுக் குடுத்தான். ரெண்டு தடவை பாத்தேன். ஒரு கீறல் இல்ல."

உண்மை. எங்கள் அட்டவணையில் அடுத்த புளோக் அதுதான். இயோவை எழுப்பி அதை முன்னால் இழுத்துக்கொண்டாள். விடுமுறை நாளில் நானும் கழுத்து ஒடிய நின்றேன், புத்தபிட்சு ஒருவர் மந்திரத்தை நிறுத்திவிட்டு என்னோடு சேர்ந்து அண்ணாந்து பார்த்தார்.

சஃபிராவின் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று ஜுஃப்ரி பதறினான். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். மை கரைந்து கன்னத்தில் இறங்கியது, ஒப்பனைக்காரப் பெண் தலையில் அடித்துக்கொண்டாள். விரித்து வைத்திருந்த உள்ளங்கையைச் சட்டென்று மூடி, அம்மாவின் ஈரக்கையை அதற்குள் பிடித்துக்கொண்டாள்.

"விடுடி" என்றாள் மஸ்தூரா. மூக்கை உறிஞ்சினாள். "பின்னாடி வரிசை நிக்குது. ஹாஜா பாக்குறாங்க."

"நிக்கட்டும்" என்றாள் சஃபிரா.